காட்டைத் தின்ற புழு... காட்டைக் காத்த புழு!

ஒரு மேஜை. மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம். அதன் மேல் அங்கும் இங்குமாகச் சின்னச் சின்ன வட்டங்கள். உப்புத்தாளை வெட்டிச் செய்த வட்டங்கள் அவை. குறுக்களவு 4 சென்டிமீட்டர். ஒவ்வொன்றையும் ஊசி குத்தி மேஜையில் பொருத்தியிருக்கிறார்கள்.

மேஜைக்கு முன்னால் ஒரு பெண் நிற்கிறார். ஆராய்ச்சிக் கூடத்தில் காரியதரிசியாக வேலை பார்ப்பவர். அவருடைய கண்களைத் துணியால் கட்டியிருக்கிறார்கள்.

கடிகாரம் ஓடத் தொடங்கியதும், அவர் விரலால் மேஜையைத் தட்டித் தட்டித் தேடுகிறார். விரலில் சொரசொரப்புத் தட்டினால், அது வட்டம். உடனே அதைப் பெயர்த்து எடுத்து ஒரு பக்கமாக வைக்கிறார். மறுபடியும் தட்டுகிறார். ஒரு நிமிடம் ஆனதும் நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை வட்டம் கிடைத்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள்.

ஒரு தடவை மேஜையில் 4 வட்டங்கள்தான் இருக்கும். இன்னொரு தடவை 256 இருக்கும்! ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் எட்டு முறை இந்தச் சோதனை நடந்தது.

கண்ணாமூச்சி விளையாட்டுப் போலத் தோன்றுகிறது அல்லவா? இது விளையாட்டு அல்ல. 1959-ல் கனடா தேசத்துப் பூச்சி ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த விஞ்ஞானப் பரிசோதனை! காடுகளையும் கடல் மீனையும் அணைக்கட்டுகளையும் பற்றி உலகம் நினைத்திருந்ததை மாற்றிய ஒரு பெரிய எண்ணத்துக்கு, இந்தச் சின்ன மேஜையில்தான் பிள்ளையார் சுழி விழுந்தது.

"பஸ்" என்ற விஞ்ஞானி

பரிசோதனையைச் செய்தவர் பெயர் கிராஃபோர்டு ஸ்டான்லி ஹாலிங். நண்பர்கள் அவரை "பஸ்" என்று கூப்பிடுவார்கள். நாம் ஏறிப்போகிற பஸ் அல்ல. வண்டு ரீங்காரம் செய்கிறதே, அந்த ஓசைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. பூச்சிகளை ஆராய்ந்தவருக்குப் பொருத்தமான பெயர்தான்!

ஹாலிங் 1930-ல் பிறந்தவர். டொராண்டோ சர்வகலாசாலையில் படித்தார். 1957-ல் பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். கனடா அரசாங்கத்தின் வன இலாகா ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு வேலை.

அவர் படித்த படிப்புக்குச் சூழலியல் என்று பெயர். செடி, கொடி, பூச்சி, பறவை, மண், மழை... இவை ஒன்றை ஒன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன, ஒன்று மாறினால் மற்றவை என்ன ஆகும் என்று ஆராய்வதுதான் சூழலியல்.

ஹாலிங் அப்போது கவனித்துக்கொண்டிருந்தது ஒரு பைன் தோப்பு. பைன் மரத்தின் இலை ஊசி போல இருக்கும். அந்த இலைகளை ஒரு பூச்சியின் புழுக்கள் தின்றன. தின்று கொழுத்த பிறகு புழுக்கள் தரையில் விழுந்து, சருகுக்குள் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூடுகளை மூஞ்சூறும் காட்டு எலியும் தோண்டித் தின்னும்.

எவ்வளவு தின்னும்? அதுதான் அவர் கேட்ட கேள்வி. கூடுகள் இரண்டு மடங்கு ஆனால், மூஞ்சூறு தின்பதும் இரண்டு மடங்கு ஆகுமா? பத்து மடங்கு ஆனால்?

கடித்த கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தே, "இதைத் தின்றது மூஞ்சூறு, அதைத் தின்றது எலி" என்று சொல்லிவிடுவார் ஹாலிங். பல்லின் தடம் அப்படிக் காட்டிக்கொடுத்துவிடும். இப்படி ஆயிரக்கணக்கில் எண்ணினார். ஆனாலும் கணக்கின் சூட்சுமம் பிடிபடவில்லை. அதனால்தான் மூஞ்சூறுக்குப் பதிலாகக் காரியதரிசி, கூட்டுக்குப் பதிலாக உப்புத்தாள் என்று மேஜையில் வைத்துப் பார்த்தார்.

கடலை தின்கிற கணக்கு

மேஜை என்ன சொல்லியது?

வட்டங்கள் குறைவாக இருந்தபோது, நேரமெல்லாம் தேடுவதிலேயே போயிற்று. கொஞ்சம் அதிகமாக வைத்தால், அகப்பட்டதும் அதிகமாயிற்று. ஆனால் ஓர் அளவுக்கு மேல் எத்தனை வட்டங்களைக் கொட்டினாலும், எடுத்த எண்ணிக்கை ஏறவில்லை! தேடவே வேண்டாம், விரல் வைத்த இடமெல்லாம் வட்டம்தான். ஆனால் ஒவ்வொன்றையும் பெயர்த்து எடுத்து வைக்க நேரம் வேண்டுமே!

வேர்க்கடலை தின்று பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். உங்கள் முன்னால் ஒரு படி கடலை இருந்தாலும் சரி, ஒரு மூட்டை இருந்தாலும் சரி, ஒரு நிமிடத்தில் எத்தனை தின்ன முடியும்? ஒவ்வொன்றையும் உடைத்துத் தோலை ஊதித்தான் வாயில் போட வேண்டும். மூட்டை பெரிதானதால் கை இரண்டு நான்காகிவிடாது.

மூஞ்சூறு, எலி விஷயத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கூடுகள் மிகவும் அரிதாக இருந்தால் அவை அதை லட்சியம் செய்வதில்லை. வேறு இரையைத் தேடிப் போய்விடும். அடிக்கடி கண்ணில் பட்டால்தான், "இது நல்ல தீனி" என்று பழகிக்கொள்ளும். பழகியதும் மளமளவென்று தின்னும். பிறகு, மேஜையில் நடந்தது போல ஓர் எல்லையில் நின்றுவிடும்.

அதாவது, இரை நடுத்தரமாக இருக்கும் வரை எதிரி அதை அடக்கி வைக்கும். எல்லை தாண்டினால் எதிரியால் ஒன்றும் செய்ய முடியாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, கனடாவின் கிழக்குக் கோடிக்குப் போவோம்.

மொட்டைத் தின்னும் புழு

நியூ பிரன்ஸ்விக் என்பது கனடாவின் ஒரு மாகாணம். அங்கே நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. காட்டை நம்பியே காகித ஆலைகளும் மர அறுப்பு ஆலைகளும் நடக்கின்றன. அந்த ஆலைகளை நம்பிப் பல ஊர்கள்.

அந்தக் காட்டில் பால்சம் ஃபிர் என்ற மரம் நிறைய உண்டு. ஸ்புரூஸ் மரமும் உண்டு. வெள்ளைப் பட்டை உள்ள பிர்ச் மரமும் இடையிடையே நிற்கும்.

இந்தக் காட்டின் எமன் ஒரு சின்னப் புழு! நன்றாக வளர்ந்தாலும் ஓர் அங்குலத்துக்கு மேல் போகாது. கோடையில் அந்துப்பூச்சி இலைமேல் முட்டையிடும். பொரித்த புழு ஒன்றும் தின்னாமல், நூல் நூற்றுப் பொதிந்துகொண்டு, பனிக்காலம் முழுவதும் தூங்கும். வசந்தத்தில் மரம் மொட்டு விடும்போது விழித்துக்கொள்ளும். நேராக மொட்டுக்குள் புகுந்து தின்னும். அதனால் ஸ்புரூஸ் மொட்டுப்புழு என்று பெயர். பெயரில் ஸ்புரூஸ் இருந்தாலும், அதற்கு மிகவும் பிடித்தது பால்சம் ஃபிர்தான்.

பல ஆண்டுகள் இந்தப் புழு இருக்கிற இடமே தெரியாது. தேடினாலும் கிடைப்பது அரிது. திடீரென்று ஒரு சமயம் கோடிக்கணக்கில் பெருகிவிடும். பச்சைக் காடு செம்பழுப்பாகிவிடும். நாலைந்து ஆண்டுகள் தொடர்ந்து இலை இழந்தால் மரம் பட்டுப்போகும். முற்றிய ஃபிர் மரங்கள் மைல் கணக்கில் செத்து நிற்கும்.

1950-களின் தொடக்கத்தில் அப்படி ஒரு படையெடுப்பு வந்தது. ஆலைகள் நடுங்கின. அரசாங்கம் சும்மா இருக்க முடியுமா?

1952-ல் ஆகாய விமானங்கள் புறப்பட்டன. டி.டி.டி. மருந்தைக் காட்டின்மேல் பொழிந்தன. பின்னாளில், உலகப் போரில் குண்டு வீசிய அவெஞ்சர் ரக விமானங்களும் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தன.

மருந்து வேலை செய்ததா? செய்தது. புழுக்கள் செத்தன. மரங்கள் பிழைத்தன. ஆலைகள் ஓடின.

ஆனால் மருந்து காட்டோடு நிற்கவில்லை. ஆற்றிலும் இறங்கியது. மிராமிச்சி என்ற ஆறு சால்மன் மீனுக்குப் பெயர் பெற்றது. 1954-ல் அதன் வடமேற்குக் கிளையில் மருந்து தெளித்த பிறகு, குஞ்சு மீன்கள் செத்து மிதந்தன. மீன் தின்னும் நீர்ப்பூச்சிகளும் அழிந்தன. ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்க அம்மையார் 1962-ல் "மௌன வசந்தம்" என்று ஒரு புத்தகம் எழுதி உலகத்தையே உலுக்கினாரே, அதில் இந்த ஆற்றின் கதையும் வருகிறது. 1960-களின் கடைசியில் டி.டி.டி.யை விட்டுவிட்டு வேறு மருந்துக்கு மாறினார்கள்.

புலி வாலைப் பிடித்த கதை

மீன் செத்தது ஒரு துயரம். இன்னொரு விபரீதம் காட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அதன் காரணம் விளங்கவில்லை.

மருந்து அடிக்காத காலத்தில் புழு வரும், தின்னும், தீனி தீர்ந்ததும் தானே மறைந்துவிடும். மருந்து அடிக்கத் தொடங்கிய பிறகு புழு முழுவதும் பெருகவும் இல்லை. அடியோடு ஒழியவும் இல்லை. இந்த ஆண்டு அடித்தால் அடுத்த ஆண்டும் அடிக்க வேண்டியிருந்தது. அடிப்பதை நிறுத்தினால் காடே போய்விடும் என்ற பயம். புலி வாலைப் பிடித்தவன் நிலைதான்! ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த மாகாணத்தில் இது நடந்தது.

ஹாலிங் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார். அப்போது அவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பேராசிரியர். கணித நிபுணர் டொனால்டு லட்விக், டிக்சன் ஜோன்ஸ் ஆகியோரும் சேர்ந்துகொண்டார்கள். நியூ பிரன்ஸ்விக் வன அதிகாரிகளையும் விஞ்ஞானிகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கம்ப்யூட்டரில் காட்டை வளர்த்துப் பார்த்தார்கள்.

காட்டுக்குள் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன என்றார் ஹாலிங்.

முதல் கடிகாரம் புழு. அது படுவேகம். சில ஆண்டுகளிலேயே பல நூறு மடங்கு பெருகும். இரண்டாவது இலை. அது வளரவும் உதிரவும் சில பல ஆண்டுகள் ஆகும். மூன்றாவது மரம். அது நாற்பது, ஐம்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டு மெதுவாக முற்றும்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது முதல் கடிகாரத்தை. ஆபத்து வந்ததோ மூன்றாவது கடிகாரத்திலிருந்து!

எப்படி?

காட்டில் கதிர்க்குருவி இனத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு பறவைகள் உண்டு. மொட்டுப்புழு அவற்றுக்கு விருந்து. மரம் இளசாக இருக்கும் காலத்தில் இலை குறைவு. புழு கொஞ்சம் தலைகாட்டினாலும் பறவை கொத்திவிடும். அதனால் புழு பல ஆண்டுகள் அடங்கியே கிடக்கும்.

மரம் வளர வளர இலை அடர்த்தியாகிறது. புழுவின் எண்ணிக்கை அதேதான். ஆனால் பறவை தேட வேண்டிய இடம் பெருகிவிட்டது. கண் கட்டிய அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டங்கள் அதே பத்துத்தான். மேஜை மட்டும் முற்றம் அளவு பெரிதாகிவிட்டால்? தட்டித் தட்டி விரல்தான் நோகும்.

அந்தச் சமயத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் மழை குறைந்து வெயில் அதிகமானால் போதும். புழு கொஞ்சம் கூடுதலாகப் பிழைக்கும். எல்லையைத் தாண்டிவிடும். தாண்டிய பிறகு, கடலை மூட்டை கதைதான். பறவைகள் வயிறு முட்டத் தின்றாலும் ஒரு மூலைக்குக் காணாது.

இனி மருந்து விஷயத்துக்கு வருவோம். மருந்து புழுவைக் கொன்றது; இலையைக் காப்பாற்றியது. இலை காப்பாற்றப்பட்டதால், மிஞ்சிய புழுவுக்குத் தீனி தீரவே இல்லை! பறவைக்கும் மேஜை சிறிதாகவே இல்லை. காடு முற்றிய நிலையிலேயே நின்றது. எந்த நிலையில் புழு வெடித்துக் கிளம்புமோ, அந்த நிலையிலேயே காட்டை மருந்து பிடித்து வைத்திருந்தது.

புழு செய்த உபகாரம்

1973-ல் ஹாலிங் ஒரு கட்டுரை வெளியிட்டார். 23 பக்கம். சூழலியல் படிக்கிறவர்கள் இன்றும் எடுத்துப் படிக்கும் கட்டுரை அது. அதில் இந்தப் புழுவைப் பற்றி ஒரு விசித்திரமான செய்தி இருக்கிறது.

1700-களின் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால், புழு ஆறு தடவை படையெடுத்திருக்கிறது. ஆறு தடவையும் காடு அடிபட்டது. ஆறு தடவையும் மீண்டும் எழுந்தது. பழைய ஃபிர் மரங்கள் செத்த இடத்தில், அடியில் காத்திருந்த கன்றுகள் வெளிச்சம் கண்டு வளர்ந்தன.

புழு வராத காலத்தில் என்ன நடக்கிறது? ஃபிர் மரம் மற்ற மரங்களை முந்திக்கொண்டு நெருக்குகிறது. ஸ்புரூஸும் பிர்ச்சும் ஒடுங்குகின்றன. புழு வந்து ஃபிரைத் தின்றால்தான் மற்றவற்றுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. புழுவே இல்லாவிட்டால், நாளடைவில் எங்கும் ஃபிர்தான் நிற்கும்!

காட்டைத் தின்கிற புழுதான், காட்டில் பல ஜாதி மரமும் இருக்கக் காரணம். இது என்ன விந்தை!

இதிலிருந்து ஹாலிங் இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார். ஆடாமல் அசையாமல் ஒரே நிலையில் இருப்பது ஒன்று. அடிபட்டாலும் உருக்குலையாமல் தாக்குப்பிடிப்பது இன்னொன்று. அதுவரை இரண்டும் ஒன்றே என்று பலரும் எண்ணியிருந்தார்கள். இல்லை என்றார் ஹாலிங். புழு உள்ள காடு ஏறியும் இறங்கியும் தடுமாறுகிறது. ஆனால் தாக்குப்பிடிக்கிறது. மருந்து அடித்த காடு ஆடாமல் நிற்கிறது. ஆனால் விட்டால் விழும்.

இந்தத் தாக்குப்பிடிக்கும் சக்திக்கு அவர் வைத்த ஆங்கிலப் பெயர் "ரெசிலியன்ஸ்".

கோலிக்குண்டும் குழியும்

பையன்கள் கோலி ஆடும் இடத்தைப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழிகள். ஒரு குழியில் குண்டு கிடக்கிறது. விரலால் சுண்டினால் கரை வரை ஏறி மறுபடியும் குழிக்குள் உருளும். எத்தனை முறை சுண்டினாலும் திரும்பி வரும். "இது பத்திரமாக இருக்கிறது" என்றுதான் நினைப்போம்.

நடுவில் இருக்கும் கரை தினம் கொஞ்சம் தேய்ந்துகொண்டு வந்தால்? குண்டு அதே இடத்தில்தான் கிடக்கும். வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் வழக்கம்போலச் சுண்டுவோம். குண்டு அடுத்த குழிக்குள் போய் விழுந்துவிடும். அங்கிருந்து திரும்பக் கொண்டுவருவது சுலபமா?

ஹாலிங் சொன்னது இதைத்தான். குண்டைப் பார்ப்பதோடு நிற்காமல், கரையையும் பாருங்கள் என்றார்.

கனடாவிலேயே இதற்கு ஒரு கொடுமையான சாட்சி பிறகு கிடைத்தது. நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் என்னும் மீன் ஏராளம். சுமார் ஐந்நூறு ஆண்டுகளாக ஐரோப்பாவுக்கே மீன் கொடுத்த கடல் அது. பெரிய கப்பல்கள் வந்து வாரி எடுத்தன. ஆனாலும் வலையில் மீன் விழுந்துகொண்டுதான் இருந்தது. திடீரென்று மீன் வளம் சரிந்துவிட்டது. 1992 ஜூலை 2-ம் தேதி, காட் மீன் பிடிக்கக் கூடாது என்று கனடா அரசாங்கம் தடை போட்டது. சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. இரண்டு ஆண்டில் மீன் திரும்பிவிடும் என்று நம்பினார்கள். தடையை விலக்க முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 2024-ல்தான் குறைந்த அளவில் மீண்டும் அனுமதித்தார்கள்.

வலை வீசுவதை நிறுத்தினால் மீன் தானே திரும்பும் என்பது குழிக்குள் இருக்கிற குண்டின் கணக்கு. குண்டுதான் அடுத்த குழிக்குப் போய்விட்டதே!

அரண்மனையில் ஓர் ஆராய்ச்சி

ஆஸ்திரியா நாட்டில், வியன்னா நகருக்குப் பக்கத்தில் லாக்ஸன்பர்க் என்ற ஊர். அங்கே ஒரு பழைய அரண்மனையில் 1972-ல் சர்வதேச ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கியது. அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒருவரை ஒருவர் அணுகுண்டு காட்டி மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்திலும் இரு தரப்பு விஞ்ஞானிகளும் அங்கே ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். மின்சாரம், தண்ணீர், உணவு என்று எல்லா நாட்டுக்கும் பொதுவான பிரச்சினைகளை ஆராய்ந்தார்கள். 1981 முதல் 1984 வரை அந்த நிலையத்தின் தலைவர் ஹாலிங். பூச்சி ஆராய்ச்சிக்காரர் ஒருவரை அங்கே தலைமையில் உட்கார வைத்தார்கள் என்றால், அவருடைய எண்ணம் எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பே, 1978-ல், அவரும் அவருடைய சகாக்களும் ஒரு புத்தகம் எழுதியிருந்தார்கள். காட்டையோ ஆற்றையோ முழுக்கத் தெரிந்துகொண்டு பிறகு திட்டம் போடலாம் என்று காத்திருக்காதீர்கள். முழுக்கத் தெரியப்போவதே இல்லை. திட்டத்தையே ஒரு பரிசோதனை போல நடத்துங்கள். என்ன ஆகிறது என்று கவனியுங்கள். தவறு தெரிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இதுதான் அந்தப் புத்தகத்தின் சாரம்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் "எனக்குத் தெரியாது, செய்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்" என்று சொல்லும் அதிகாரியை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

அமெரிக்காவில் பார்க்க முடிந்தது. கொலராடோ ஆற்றின் குறுக்கே கிளென் கான்யன் அணை இருக்கிறது. அணை கட்டியதால் வண்டல் எல்லாம் மேலேயே தங்கிவிட்டது. கீழே இருந்த மணல் திட்டுகள் கரைந்துபோயின. 1996 மார்ச்சில் அணையைத் திறந்து, வினாடிக்கு 45,000 கன அடி வீதம், ஏழு நாட்கள் வேண்டுமென்றே வெள்ளம் விட்டார்கள்! ஆற்றின் அடியில் கிடந்த மணல் கிளம்பிக் கரைகளில் திட்டுத் திட்டாகப் படிந்தது. ஆனால் அந்தத் திட்டுகளில் பல, சில மாதங்களிலேயே மறுபடியும் கரையத் தொடங்கின. சரி, எப்போது விட்டால் மணல் தங்கும்? உபநதி புது மணலைக் கொண்டுவந்து சேர்த்த உடனே விட வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு, பிறகு விட்ட வெள்ளங்களை அதற்கேற்ப மாற்றினார்கள்.

பாங்கிகளுக்கும் இந்தக் காற்று வீசியது. 2008-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய பாங்கி விழுந்ததும், உலகம் முழுவதும் பாங்கிகள் ஆட்டம் கண்டனவே, நினைவிருக்கிறதா? அதே ஆண்டில் ராபர்ட் மே என்ற இன்னொரு சூழலியல் அறிஞரும் அவருடைய நண்பர்கள் இருவரும், பாங்கிக்காரர்கள் சூழலியலிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்று கட்டுரையே எழுதினார்கள். ஒவ்வொரு பாங்கியும் தனித்தனியே திடமாகத் தெரிந்தாலும், எல்லாம் ஒரே மாதிரி நடந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால், ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் தொற்றும். 2011-ல் இங்கிலாந்து பாங்கியைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹால்டேனும் மேயும் சேர்ந்து இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். ஒரே ஜாதி மரம் அடர்ந்த காட்டில் புழு பரவுவது போலத்தான்.

எல்லாம் சரிதானா?

ஒன்றை மறைக்கக் கூடாது. மொட்டுப்புழுவைப் பற்றி ஹாலிங் போட்ட கணக்கை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. கனடா வன இலாகா விஞ்ஞானி ரோயாமா 1984-ல் அதை மறுத்து எழுதினார். புழு ஏறி இறங்குவதற்குப் பறவையும் இலையும் முக்கியக் காரணம் அல்ல. புழுவின் உடலுக்குள்ளேயே வளர்ந்து அதைக் கொல்லும் ஒட்டுண்ணிப் பூச்சிகளும் நோய்களும்தான் பெரிய காரணம் என்றார். அந்த வழக்கு லேசில் தீரவில்லை. ஆனால் கரையைப் பார் என்ற எண்ணம், புழுவை விட்டுவிட்டுத் தனியாகவே நடக்கத் தொடங்கிவிட்டது. ஏரி, மேய்ச்சல் நிலம், பவளப் பாறை என்று பல இடங்களில் அது பொருந்துவதைக் கண்டார்கள்.

இன்னொரு குறையும் சொல்லலாம். "ரெசிலியன்ஸ்" என்ற சொல் இப்போது படாத பாடு படுகிறது. கம்பெனி விளம்பரத்திலும் மந்திரிகள் பேச்சிலும் அதுதான். அடிபட்டவனைப் பார்த்து, "தாங்கிக்கொள், உனக்கு அந்தச் சக்தி உண்டு" என்று சொல்வதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஹாலிங் சொன்னது அது அல்ல. தாக்குப்பிடிப்பதெல்லாம் நல்லது என்றுகூட அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. கலங்கிப்போன ஏரியும் தாக்குப்பிடிக்கும். அதைத் தெளிய வைப்பதுதான் பெரும்பாடு.

ஹாலிங் 1988 முதல் அமெரிக்காவில் ஃபுளோரிடா சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு கனடாவுக்குத் திரும்பினார். 2019 ஆகஸ்டில், 88-வது வயதில் காலமானார்.

மறுபடியும் புழு

மொட்டுப்புழு சாகவில்லை. 2006 வாக்கில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அது மீண்டும் கிளம்பியது. லட்சக்கணக்கான ஏக்கரில் பரவியது. நியூ பிரன்ஸ்விக் அதற்கு அடுத்த மாகாணம். அந்துப்பூச்சி காற்றில் ஏறினால் ஒரே இரவில் நூறு மைலுக்கு மேல் வந்துவிடும்.

இந்த முறை அங்கே வேறு யோசனை செய்தார்கள். புழு எங்கும் பரவிய பிறகு காடு முழுவதும் மருந்து அடிப்பது பழைய முறை. 2014-ல் தொடங்கிய புது முறையில், எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே புழுவைப் பிடிக்கப் பார்த்தார்கள். காடெங்கும் கிளைகளை வெட்டிவந்து, தூங்கும் புழுக்களை எண்ணினார்கள். எந்த இடத்தில் எண்ணிக்கை ஏறத் தொடங்குகிறதோ, அங்கே மட்டும் மருந்து தெளித்தார்கள். மருந்தும் டி.டி.டி. அல்ல; அதில் ஒன்று, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. இது நீண்ட காலத்துக்குப் பலிக்குமா என்பதை அங்குள்ள விஞ்ஞானிகளே இன்னும் கண்காணித்து வருகிறார்கள்.

அந்துப்பூச்சி எங்கிருந்து பறந்து வருகிறது என்று அறியப் பொதுமக்களின் உதவியையும் கேட்டார்கள். பலர் முன்வந்தார்கள். பெண் பூச்சியின் வாசனையைத் தடவிய ஒரு பொறியை வீட்டுக் கொல்லைப்புறத்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். கோடைக்காலம் முழுவதும் அதைத் திறந்து பார்த்து, விழுந்த பூச்சிகளை எண்ணி, தேதி எழுதி, பையில் போட்டு ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பினார்கள்.